அன்னக்கா ஏறிய மேடைகள்

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், தையல் கடை மாடியில்தான் எங்கள் மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும். கீழே இஸ்திரிப் பெட்டியிலிருந்து கிளம்பும் கரிப்புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறி வரும். மாடி முழுக்கச் சூடான துணி வாசனை.

அன்று மத்தியானம் ஒரு தாலாட்டுப் பாட்டின் சரணத்தில் இருந்தேன். படிக்கட்டில் தடதடவென்று சத்தம். ஒரு வெள்ளைக்கார அம்மாள் வாசலில் வந்து நின்றார். உயரமென்றால் அப்படி ஓர் உயரம். நிலையில் இடிக்காமலிருக்கத் தலையைக் குனிந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. வெயிலில் முகம் கன்றிச் சிவந்திருந்தது. காலில் நம் ஊர் ரப்பர் செருப்பு.

பின்னாலேயே மூச்சு வாங்க ஆட்டோக்காரர். "இன்னா மேடம், பாதி வழில எறங்கிக்கினு ஓடினா எப்பிடி? வெயிட்டிங் ஆவுது!"

அந்த அம்மாள் உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கினார். ஆட்டோக்காரரும் என்ன நினைத்தாரோ, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் பாட்டை நிறுத்தப் பார்த்தேன். எங்கள் குழுவின் தலைவர் சேகர், கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல், 'பாடு' என்று கண்ணைக் காட்டினார். பாடினேன். இரண்டாவது வரியில் அந்த அம்மாள் முனக ஆரம்பித்தார். என் மெட்டு இல்லை அது. என் குரலுக்குக் கீழே வேறொரு மெட்டு. ஆனால் என் மெட்டோடு மோதாமல், பக்கத்திலேயே நடந்து வந்தது.

பாட்டு முடிந்ததும் கீழே தையல் மெஷின் ஓடுவது மட்டும் கேட்டது.

சேகர் பெயர் கேட்டார். அந்த அம்மாள் "ஹன்னக்கெ" என்றார். எங்கள் தபேலா மணி அண்ணனுக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம்.

"அன்னக்காவா? வெள்ளக்காரங்ககூடப் பேரோட அக்கா வச்சிக்கிறாங்களா?" என்றார்.

அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அன்னக்கா.

சூப் பாட்டுக்காரி

இந்தத் தொடரில் இரண்டு மூன்று இடங்களில் அவர் பெயரைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். யார் அந்த அன்னக்கா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இந்த வாரம் முழுக்க அவருக்கு.

கடைப் பலகைகளில் மெட்ராஸை அழித்துச் சென்னை என்று எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. மயிலாப்பூர்ப் பக்கம் பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அன்னக்காவின் கணவர் ஹாலந்துக்காரர், தண்ணீர் இன்ஜினியர். நம் ஊர்க் கால்வாய்களை எப்படிச் சுத்தம் செய்வது என்று யோசனை சொல்ல வந்திருந்தார். சுத்தமாயிற்றா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அடையாறில் ஆற்றை ஒட்டி அவர்களுக்கு வீடு. காலையில் கணவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டால் அன்னக்காவுக்குப் பேச ஆளில்லை. அப்படி ஒரு நாள் ஆட்டோவில் புடவைக் கடைக்குப் போகிற வழியில்தான் எங்கள் பாட்டு அவர் காதில் விழுந்திருக்கிறது.

குழுவில் ஓரளவு இங்கிலீஷ் பேசக்கூடியவள் நான்தான். சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். பத்தாவது வரை கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தேன். ஞானஸ்நானப் பெயர் பிலோமினா. நோட்டீசில் நீளமாக இருக்கிறதென்று சேகர் அதை மீனா ஆக்கிவிட்டார். அம்மா மந்தைவெளி மார்க்கெட்டில் மீன் விற்பவள் என்பதால், "பேரு பொருத்தமாத்தான் கீது" என்று குப்பத்தில் சிரித்தார்கள்.

ஆக, அன்னக்கா சொல்வதைத் தமிழாக்குவது என் வேலையாயிற்று. அவர் கதையும் அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. டீ கிளாஸும் கையுமாக, நாளொரு துண்டாக.

அவர் பிறந்ததும் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில்தான். பதினாறு வயதில் சனிக்கிழமை நடன அரங்கில் பாடப் போய், அங்கிருந்து இசைத்தட்டு. முதல் பாட்டே ஊரெல்லாம் ஒலித்ததாம். பிறகு மூன்று பெண்களாகச் சேர்ந்து, முழங்கால் வரை வெள்ளை பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு வேனில் ஜெர்மனி முழுக்கச் சுற்றியிருக்கிறார்கள். அப்புறம் பயணிகள் கப்பலில் பாட்டு. புயலில் கப்பல் ஆடும்போது கேட்பவர்கள் வாந்தி எடுப்பார்கள், அன்னக்கா தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடுவார். அதன் பிறகு ஒரு பாட்டு நாடகத்தில் கன்னியாஸ்திரி வேஷம். நடுவில் ஒரு கல்யாணம், அதன் முறிவு. அப்புறம் பாக்கெட் சூப்புக்கு விளம்பரப் பாட்டு, ஒரே ஒரு வரி. கடைசியாக டிவியில் குழந்தைகள் நிகழ்ச்சியில் ஒரு வாத்துப் பொம்மைக்குக் குரல்.

"இதுல எதுக்காக உங்களை அங்க எல்லாருக்கும் தெரியும்?" என்று கேட்டேன்.

"சூப்புக்கு" என்று சிரித்தார். "ரொட்டி வாங்கப் போனால்கூடக் கடைக்காரர் அந்த ஒரு வரியைப் பாடச் சொல்வார். அவர் பிள்ளை வாத்து மாதிரி கத்தச் சொல்லும். மற்ற பாட்டெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை."

கொஞ்ச நேரம் டீயை ஊதினார்.

"இங்கே நான் யாரென்று யாருக்கும் தெரியாது மீனா. அதனால்தான் அன்றைக்கு மாடிப்படி ஏற முடிந்தது."

அம்மாவுக்கு வராத ழ

வாரத்தில் மூன்று நாலு நாள் வந்துவிடுவார். நான் பாட்டைச் சொல்லச் சொல்ல, தன் ஊர் எழுத்தில் கிறுக்கி எடுத்துக்கொண்டு போவார். மறுநாள் வரும்போது பாதி மனப்பாடம் ஆகியிருக்கும். ல, ள எல்லாம் அவருக்கு ஒன்றுதான். ஆனால் ழ மட்டும் அச்சாக வந்தது.

எங்களுக்கு ஆச்சரியம். "எங்கள் ஊர்ப் பக்கம் சில வார்த்தையில் ர இப்படித்தான் ஒலிக்கும்" என்றார். மழை, தாழம்பூ, ஏழு என்று சேகர் சொல்லச் சொல்ல அழகாகத் திருப்பிச் சொன்னார். என் அம்மாவுக்கே மழை 'மய' தான், பழம் 'பயம்' தான்.

பேச்சுத் தமிழை மட்டும் அந்த ஆட்டோக்காரரிடம் கற்றுக்கொண்டார். அதன் பலனை ஒரு கல்யாண மண்டபத்தில் அனுபவித்தோம். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக மேடைக்கு வந்து கை கூப்பினார். அன்னக்காவும் கை கூப்பி, மிகுந்த மரியாதையோடு, "இன்னா நைனா, சோறு துன்னியா?" என்றார். பெரியவர் ஒரு நிமிஷம் அசையவில்லை. பிறகு மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"நீ ரெஸ்ட் எடு"

முதலில் மயிலாப்பூரில் ஒரு வரவேற்பில், ஒரே ஒரு பாட்டுக்கு அன்னக்காவை மேடையேற்றினார் சேகர். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஜனங்கள் எழுந்து வந்து நின்றார்கள். எச்சில் கையோடு வந்து நின்றவர்களை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதற்கப்புறம் எங்களை அழைக்க வந்த எல்லாரும், "அந்த வெள்ளைக்காரம்மா வருவாங்கல்ல?" என்றுதான் ஆரம்பித்தார்கள். ஒரு பாட்டு மூன்றாயிற்று, மூன்று ஆறாயிற்று. நான் மெல்ல மெல்லக் கோரஸுக்கு நகர்ந்தேன். மேடையின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போவதற்கு நாலடிதான். ஆனால் அங்கிருந்து பார்த்தால் மண்டபமே வேறு மாதிரி தெரிகிறது. வீடியோக்காரரின் விளக்கு நம் மேல் விழாது.

ஒரு வாரம் எதிர்வீட்டு டெலிபோனில் சேகர் கூப்பிட்டார். "மீனா, தி.நகர்ல ஞாயித்துக்கிழமை ரிசப்ஷன். மேடை சின்னது. நீ இந்த வாரம் ரெஸ்ட் எடு, என்ன?"

ரெஸ்ட் என்றால் என்னவென்று எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோரஸ் பெண் கூட வேண்டாம் என்று அர்த்தம்.

அம்மாவிடம் சொன்னேன். அப்பா போன பிறகு என்னை ஒற்றை ஆளாக வளர்த்தவள் அவள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே, "பாட்டு போனா போவுது. மார்க்கெட்டுக்கு வா, ரெண்டு கை கூட இருந்தா எனக்கும் நல்லதுதான்" என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அன்று எனக்குத் தட்டில் அவள் வைத்தது, பெரிய வவ்வால் மீனின் நடுத்துண்டு.

கானாங்கத்தை

ஞாயிற்றுக்கிழமை காலை. மார்க்கெட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்கு மேலே ஒரு செம்பட்டைத் தலை தெரிந்தது. கையில் சாத்துக்குடிப் பையோடு அன்னக்கா. எனக்கு ஜுரம் என்று சேகர் சொல்லியிருக்கிறார். குப்பத்தில் வீட்டை விசாரித்து, அங்கிருந்து மார்க்கெட்டுக்கு வந்திருக்கிறார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இவதானா உம் பொயப்புல மண்ணப் போட்டவ?" என்று கேட்டாள். முகம் என்னவோ சிரித்தபடிதான் இருந்தது.

"அம்மா என்ன சொல்கிறார்கள்?" என்றார் அன்னக்கா.

"வாங்க, உக்காருங்கன்னு சொல்றாங்க."

உட்கார்ந்துவிட்டார், கவிழ்த்துப் போட்டிருந்த மீன் பெட்டியின் மேல். "ஜுரம் எப்படி இருக்கிறது?"

"எனக்கு ஜுரமே இல்லையே அன்னக்கா."

என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். சாத்துக்குடிப் பையை மெல்லக் கீழே வைத்தார். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் கானாங்கத்தை வாங்கி, ஆய்ந்து தரச் சொன்னார். அம்மா அரிவாள்மனையில் வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். அன்னக்கா என் கையிலிருந்த சின்னக் கத்தியை வாங்கிக்கொண்டார். ஒரு மீனை எடுத்து, செவுளுக்குக் கீழே ஒரு குத்து, கட்டைவிரலால் ஒரு இழுப்பு. குடல் மொத்தமும் ஒன்றாக வந்துவிட்டது. அடுத்த மீன். அதற்கடுத்தது. அவர் கண் மீனில்கூட இல்லை.

அம்மாவின் அரிவாள்மனை நின்றுவிட்டது. "இன்னாடி இது? நம்மாளு கணக்கா ஆயுறா!"

அவர் அம்மாவும் துறைமுகக் கொட்டகையில் மீன் ஆய்பவர் என்று அன்றுதான் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டதும் இவரும் போய் அம்மா பக்கத்தில் நிற்பாராம். குளிரில் விரல் மரத்துப்போகும். நடன அரங்கில் முதன்முதலாகப் பாடின அன்றுகூடக் கையில் மீன் வாசம் போகாமல், பாடி முடிக்கும்வரை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாராம்.

கத்தியை நிறுத்தாமலே தொடர்ந்தார். "அந்த மூன்று பேர் குழு சொன்னேனே. எனக்கு முப்பது தாண்டிவிட்டது. ஒரு நாள் டிவி நிலையத்துக்குப் போகிறேன். மேக்கப் அறையில் ஒரு சின்னப் பெண் என் உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். பூட்ஸும் என்னுடையது. இடுப்பில் தொளதொளவென்று இருந்ததால் ஒருத்தி பின் குத்திக்கொண்டிருக்கிறாள். என்னிடம் யாருமே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. 'நீங்கள் யாரைப் பார்க்க வந்தீர்கள்?' என்று கேட்டாள்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'உனக்கு வாழ்த்துச் சொல்லத்தான்' என்றேன். வேறென்ன சொல்ல?"

அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டிக்கடைப் பக்கம் திரும்பி, "ஒரு பன்னீர் சோடா குடுப்பா, நல்லா ஜில்லுனு" என்று குரல் கொடுத்தாள். வந்ததை அன்னக்காவின் கையில் தானே கொடுத்தாள்.

குடித்து முடித்ததும் அன்னக்கா எழுந்தார். "மீனா, கிளம்பு. சாயங்காலம் கச்சேரி."

"என்னை வேணாம்னு சொல்லிட்டாங்களே."

"நான் சொல்லவில்லையே."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை அரிவாள்மனையில் பாதியாக வகுந்து நீட்டினாள். "கைய நல்லாத் தேச்சுக் கயுவிக்கினு போ. அந்த நீலப் பொடவயக் கட்டு."

இரண்டு மைக்

மண்டபத்தில் எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் சேகர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை. "மீனா, கல்யாண பார்ட்டி இவங்களத்தான் கேக்கறாங்க. நான் என்ன பண்றது, சொல்லு? நான் வேணும்னா பண்றேன்?" கெட்ட மனிதர் இல்லை அவர். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்னக்கா இரண்டு விரலைக் காட்டினார். "சேகர், ரெண்டு மைக்."

"மேடம், மேடை சின்னது..."

"ரெண்டு மைக். இல்லாங்காட்டி நான் வாத்து."

சேகருக்குப் புரியவில்லை. அன்னக்கா மெதுவாக ஒரு முறை வாத்து மாதிரி கத்திக் காட்டினார். முன்வரிசை நாற்காலியில் இருந்த குழந்தை வீரிட்டு அழுதது. மணி அண்ணன் தபேலா மேல் கவிழ்ந்து சிரித்தார். சேகர் தானே போய் இன்னொரு மைக்கைக் கொண்டுவந்து, கைக்குட்டையால் துடைத்து, என் உயரத்துக்குச் சரிசெய்து வைத்தார்.

தாலாட்டுப் பாட்டைத்தான் எடுத்தோம். நான் மெட்டைப் பாட, அவர் கீழே தன் மெட்டைப் பாடினார். கச்சேரியில் இப்படி யாரும் கேட்டதில்லை. மணி அண்ணனின் கை ஒரு இடத்தில் தயங்கியது. வெற்றிலை மென்றபடி மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார். "ஏம்பா, அந்தம்மா வேற எதையோ பாடுதே? சுருதி சேரலியா?"

"அது அவங்க ஊர் வழக்கம் சார்" என்றார் சேகர்.

தாய்மாமன் நம்பவில்லை. ஆனால் போகவும் இல்லை. இரண்டாவது சரணம் முடியும்வரை அங்கேயே நின்றார். "ம்ம். கேக்கக் கேக்க நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

அந்த இரண்டாவது சரணத்தில்தான் எனக்குப் பயம் விட்டது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது வழக்கமாக என் குரல் கொஞ்சம் நடுங்கும். அன்று நடுங்கவில்லை. கீழே ஒரு குரல் நிற்கிறது, விழுந்தால் அதன் மேல்தான் விழுவேன் என்று தெரிந்ததால் இருக்கலாம்.

அதன் பிறகு எங்கள் நோட்டீசில் இரண்டு பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் வந்தன. மயிலாப்பூர், அடையாறு, கோபாலபுரம் என்று எத்தனையோ வாசல்களில் சேர்ந்து பாடினோம். கச்சேரி இல்லாத நாளில் அவர் மார்க்கெட்டுக்கு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். இவர் இங்கிலீஷிலும் அவள் தமிழிலும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாது. அதனாலேயே சண்டையும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை யாவாரம்

கணவரின் வேலை முடிந்தது. ஊர் திரும்ப வேண்டும். கிளம்புகிற அன்று மத்தியானம் அன்னக்கா மார்க்கெட்டுக்கு வந்தார். முதல் நாள் முழுக்க மழை பெய்து, தரையெல்லாம் சேறு. அம்மாவுக்கு மழையில் நனைந்து தொண்டை கட்டிவிட்டிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை வேறு, மீன் வாங்குகிறவர்கள் குறைவு. சங்கரா மீன் அப்படியே சிவப்பாகக் குவிந்து கிடந்தது.

"ஊருக்குப் போற நேரத்துல இங்க இன்னா வேல ஒனக்கு?" என்று அம்மா கிசுகிசுத்தாள். பேச முடியாமல் தொண்டையைத் தடவிக்கொண்டாள்.

அன்னக்கா என்னிடம் கேட்டார், "என்ன சொல்லிக் கூவ வேண்டும்?"

சொல்லிக் கொடுத்தேன். எழுந்து நின்றார். ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டார்.

"வாம்மா, வா! சங்கரா... சங்கரா... துடிக்கிற சங்கரா!"

அந்தக் குரலை எப்படி எழுதுவேன்? மைக் இல்லை, கீபோர்டு இல்லை. இழுத்த இழுப்பில் அது மீன் கூடைகளைத் தாண்டி, காய்கறிக் கடைகளைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரை போயிற்று. நின்றிருந்த பஸ்ஸின் கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டினார். பூக்காரி பூக்கட்டுவதை நிறுத்தினாள். ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து, பிறகு கும்பலாக வந்து நின்றார்கள். வெள்ளிக்கிழமையாவது ஒன்றாவது. சங்கரா கரைந்துகொண்டே போயிற்று.

அம்மா சிரித்த சிரிப்பு சத்தமே இல்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை, கை முழுக்க மீன்.

கூடை காலியானதும் அன்னக்கா குனிந்து அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டார். என்னைக் கட்டிக்கொண்டார். "நன்றாகப் பாடினேனா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டோவில் ஏறினார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

வெகு நாள்வரை வாடிக்கைக்காரர்கள் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். "ஆயா, எங்க அந்த வெள்ளக்காரம்மா? இன்னா கூவு கூவிச்சு அன்னிக்கு!"

அம்மா மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்வாள்.

"அதுவா? எம் பெரிய பொண்ணு. புருசன் ஊருக்குப் போயிக்கீது."